சுத்தி அத்தனை மீனும் மேல வந்து பூச்சி சாப்பிடுது, என் ஃப்ளையை மட்டும் தொடல. எங்க தப்பு?

காட்பாடி தூண்டி | அக்டோபர் 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பத்து வயசுலேர்ந்து கழனிக் கிணறு, ஏரி மதகுன்னு மூங்கில் கழியும் தக்கையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் நான். மண்புழு, கோதுமை மாவு உருண்டை, இதைத் தாண்டி எதுவும் தெரியாது. போன வாரம்தான் முதல் தடவையா ஃப்ளை ஃபிஷிங் பண்ணினேன், இமாச்சல் தீர்த்தன் ஆத்துல. ஃப்ளைன்னா பூச்சி மாதிரி தெரிய இறகும் நூலும் சுத்தின முள்ளு, இரைக்குப் பதிலா அதைத்தான் வீசறது. பெங்களூர் நண்பர் ஒருத்தர் ராடு, ரீல், ஃப்ளை டப்பா எல்லாம் கொண்டுவந்தார். லைசென்ஸ் வாங்கித்தான் இறங்கினோம்.

மதியம் 3 மணி இருக்கும். வெயில் போய் மேகம் மூடிக்கிச்சு, லேசா தூறல். ஒரு பெரிய பாறைக்குக் கீழ தண்ணி சுழிச்சு மெதுவாகுற இடம். அங்க தண்ணி மேல சின்னச் சின்னதா பூச்சி மிதந்து வருது. சாம்பல் நிற இறக்கை ரெண்டையும் நேரா தூக்கி வச்சிக்கிட்டு, குட்டிப் பாய்மரக் கப்பல் மாதிரி. பழுப்பு டிரவுட், குளிர்ந்த மலை ஆத்து மீன், பத்து வினாடிக்கு ஒண்ணு மேல வந்து வட்டம் போட்டுட்டுப் போகுது. எனக்குக் கை நடுங்கிப்போச்சு.

டப்பாவுல இருந்ததிலேயே நல்லா பளிச்சுன்னு, சிவப்பும் மஞ்சளுமா, கட்டைவிரல் நகம் அளவு ஃப்ளை ஒண்ணு எடுத்துக் கட்டினேன். 40 நிமிஷம் வீசினேன். ரெண்டு மீன் கீழ வந்து பார்த்துட்டு, கறிக்கடையில வாங்காம திரும்புற மாமி மாதிரி திரும்பிப் போச்சு. பக்கத்துல உள்ளூர் அண்ணன் ஒருத்தர் அதே இடத்துல ரெண்டு புடிச்சார். அவர் ஃப்ளையைப் பார்த்தா அரிசி அளவுதான், அழுக்குச் சாம்பல் கலர்ல ஒரு நூல் சுத்தினது. அதுல அப்படி என்ன இருக்கு? புரிஞ்சவங்க சொல்லுங்க.

குடியாத்தம் குசும்பன் | அக்டோபர் 19, இரவு 10.05

டில்லி தாண்டிப் போய் மீனு சாப்பிடுறதைப் பார்த்துட்டு வந்திருக்கே. அதுக்கு மோர்தானா அணைக்கு வந்திருந்தா பஸ் டிக்கெட்டோட முடிஞ்சிருக்கும்.

ஊட்டி குளிர் | அக்டோபர் 19, இரவு 10.50

தம்பி, நான் பொறந்தது ராணிப்பேட்டை, 20 வருஷமா இருக்கறது நீலகிரியில. உன் கதை எனக்கும் நடந்த கதைதான். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். மீன் மேல வந்தப்ப உனக்குத் தெரிஞ்சது மூக்கா, முதுகா? தண்ணி தெறிச்சுதா, இல்ல அமைதியா வட்டம் மட்டும் வந்துச்சா?

காட்பாடி தூண்டி | அக்டோபர் 20, காலை 6.15

யோசிச்சுப் பார்த்தா மூக்கு தெரியவே இல்லண்ணே. முதுகும், முதுகுத் துடுப்பும், அப்புறம் வால் நுனியும்தான். தெறிக்கல. எண்ணெய் கொப்புளிக்கிற மாதிரி மெத்துன்னு.

ஊட்டி குளிர் | அக்டோபர் 20, காலை 7.30

அப்ப விஷயம் அங்கதான் இருக்கு. மிதக்குற கப்பலை நீ பார்த்தே. மீன் அதைச் சாப்பிடல. அதுக்கு ஒரு விரக்கடை கீழ நடக்குறதைச் சாப்பிட்டுச்சு.

அந்தப் பூச்சி பேரு மேஃபிளை. வாழ்நாள்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணிக்குள்ள, கல்லுக்கு அடியில புழுவாட்டம் இருக்கும். அதை நிம்ஃப்னு சொல்லுவாங்க. நேரம் வந்ததும் மொத்தமா மேல ஏறும். மேல வந்ததும் உடனே பறந்துட முடியாது. தண்ணிக்கு மேல ஒரு தோல் இருக்கு பாரு, சொம்புல தண்ணி விளிம்பு தாண்டியும் வழியாம நிக்குதே, அந்தத் தோல். சின்னப் பூச்சிக்கு அது தார்ப்பாய் மாதிரி. அதை முட்டிக் கிழிச்சு, பழைய சட்டையை உரிச்சு, இறக்கையை வெளிய இழுக்கணும். பாதி உள்ள பாதி வெளியன்னு தவிக்கிற அந்த நேரம்தான் டிரவுட்டுக்குப் பந்தி. தப்பிச்சு ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது. அந்த நிலைக்கு எமர்ஜர்னு பேரு. மூக்கு தெரியாம முதுகு மட்டும் தெரிஞ்சா மீன் தோலுக்குக் கீழ மேயுதுன்னு அர்த்தம். மூக்கை நீட்டி உறிஞ்சினா மேல மிதக்குறதை எடுக்குது. தடால்னு தண்ணி தெறிச்சா பெரும்பாலும் காடிஸ்னு இன்னொரு வகைப் பூச்சி, அது மேல வந்ததும் சட்டுன்னு கிளம்பிடும், அதான் மீனும் துரத்தும்.

தூறல் சொன்னியே, அதுவும் கணக்குதான். ஈரக் காத்துல இறக்கை சீக்கிரம் காயாது, பூச்சி தண்ணி மேல ரொம்ப நேரம் மிதக்கும். அதனாலதான் மேகம் மூடின நாள் டிரவுட்காரனுக்கு நல்ல நாள்.

அந்த உள்ளூர் அண்ணன் கட்டினது எமர்ஜர். அளவு சரி, கலர் சரி, மிதக்குற மட்டம் சரி. நீ கட்டினது கல்யாணப் பந்தல்.

பாலாத்தங்கரை | அக்டோபர் 20, காலை 9.10

இன்னாபா இது, ஈசலுக்கு இவ்ளோ பெரிய பேரு? சின்னப் புள்ளையில மழை உட்டதும் விளக்காண்ட அண்டா வச்சி ஈசல் புடிச்சி, அரிசியோட வறுத்துத் தின்ன ஆளு நானு. பாலாத்துப் பாலத்து மேல விளக்குக் கம்பத்துக்குக் கீழ குமிஞ்சிக் கெடக்குமே, வண்டி வழுக்கும், அதுவும் அதானே? எனக்கு 67 வயசு ஆவுது. எங்களுக்குத் தெரியாத பூச்சியா?

பூச்சி டீச்சர் | அக்டோபர் 20, மதியம் 1.20

பெரியவர் கோவிச்சுக்கக் கூடாது. நான் வேலூர்ல விலங்கியல் பாடம் எடுக்கறவ. நீங்க வறுத்துத் தின்னது ஈசல்தான், சந்தேகமே இல்லை. ஆனா பாலத்து மேல குவிஞ்சதெல்லாம் ஈசல் இல்லை.

ஈசல்ங்கறது இறக்கை முளைச்ச கறையான். மண்ணுக்குள்ளேர்ந்து வரும், தண்ணிக்கும் அதுக்கும் உறவு இல்லை. நாலு இறக்கையும் ஒரே நீளம், முதுகுல படுக்கையா மடிச்சு வச்சிருக்கும், கீழே விழுந்ததும் இறக்கையை உதிர்த்துட்டு ஓடும். மேஃபிளை இறக்கையை மடிக்கவே தெரியாத பூச்சி. பட்டாம்பூச்சி மாதிரி நிமிர்த்திதான் வைக்கும். பின்னாடி மயிரிழை மாதிரி ரெண்டு அல்லது மூணு வால் நீட்டியிருக்கும். ஈசலுக்கு அந்த வால் கிடையாது. அடுத்த தடவை ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாருங்க, அரை நிமிஷ வேலை.

இன்னொரு விசேஷம். இறக்கை வந்த பிறகு எந்தப் பூச்சியும் தோல் உரிக்காது. மேஃபிளை மட்டும் உரிக்கும். தண்ணியை விட்டு வர்றப்ப மங்கலா, சாம்பல் பூத்த இறக்கையோட வரும். ஏதாவது இலையிலயோ சுவத்துலயோ உட்கார்ந்து மறுபடி ஒரு சட்டை கழட்டும், இறக்கை மேல இருக்கற தோலும் சேர்ந்து வந்துடும். அப்புறம்தான் கண்ணாடி மாதிரி இறக்கை. அந்த ரெண்டாவது நிலையில வாயே வேலை செய்யாது, சாப்பாடு கிடையாது. ஜோடி சேர்ந்து, முட்டை போட்டு, செத்துடும். பல வகைக்கு அது ஒரு ராத்திரி சமாசாரம்.

பாலத்து மேல ஏன் குவியுதுன்னு 1998-ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தண்ணிப் பரப்புல பட்டுத் திரும்புற வெளிச்சம் ஒரு தனி வகை, கிடைமட்டமா முனைவுற்ற ஒளி, அதாவது படுக்கைவாக்குல மட்டும் அதிர்ற ஒளி. மேஃபிளை அதை வச்சுத்தான் ஆறு எதுன்னு கண்டுபிடிக்கும். தார் ரோடும் அதே மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது, சில நேரம் ஆத்தைவிட அழுத்தமா. பாவம், ரோட்டை ஆறுன்னு நம்பி அதுல முட்டை போட்டுச் சாகும்.

குடியாத்தம் குசும்பன் | அக்டோபர் 20, மதியம் 1.45

நம்ம பாலாத்தைப் பார்த்தா மனுசனுக்கே எது ரோடு எது ஆறுன்னு தெரியல டீச்சர். பூச்சியை என்ன சொல்றது.

பாலாத்தங்கரை | அக்டோபர் 20, மாலை 6.30

சிரிக்காதபா. 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் முட்டி ஓடுச்சே, அப்ப பாத்தியா நீ? எங்க அப்பா காலத்துல ஊத்து தோண்டினா முழங்கை ஆழத்துல தண்ணி. மணல் போச்சு, ஊத்து போச்சு. டீச்சரம்மா, நீங்க சொல்ற பூச்சி இப்பவும் எங்க ஆத்துல கீதா, இல்ல அதுவும் போயிடுச்சா?

பூச்சி டீச்சர் | அக்டோபர் 20, இரவு 9.00

அது இடத்துக்கு இடம் மாறும் ஐயா. தண்ணிப் பூச்சிதான் ஆத்துக்கு நாடி பார்க்கிற ஆள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, காடிஸ் இந்த மூணும் எத்தனை வகை கிடைக்குதுன்னு எண்ணியே தண்ணியோட தரத்தை மதிப்பிடுவாங்க. கெட்ட தண்ணியில முதல்ல ஸ்டோன்ஃபிளை காணாம போகும். கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கறது ரத்தச் சிவப்பா நெளியுற ஒரு புழு, கைரோனமிட். நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அதுக்கும் உண்டு, அதனால காத்து குறைஞ்ச சேத்துலயும் பொழைக்கும். அது பூச்சியாகி வெளிய வந்தா கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. ஏரிக்கரையில சாயங்காலம் தலைக்கு மேல தூண் மாதிரி சுத்துமே, பெரும்பாலும் அது.

தோல் தொழிற்சாலைக் கழிவு விழுந்த இடங்கள்ல என்ன மிஞ்சும்னு இதுலேர்ந்தே நீங்க யூகிக்கலாம். அந்தக் கழிவுக்காக வேலூர் மக்கள் போட்ட வழக்குலதான் 1996-ல உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. நாடு முழுக்க சட்டக் கல்லூரியில படிக்கறது நம்ம ஆத்துக் கதையை.

பாலாத்தங்கரை | அக்டோபர் 21, காலை 5.50

தீர்ப்பு வந்திச்சு. தண்ணி வர்ல. சரி உடு, பூச்சிக் கதையைச் சொல்லுங்க.

ஜவ்வாது | அக்டோபர் 21, காலை 11.15

ஜமுனாமரத்தூர் பக்கம் நம்ம ஊரு. மேல ஓடையில கல்லைப் புரட்டினா அடியில சின்ன வீடு ஒட்டியிருக்கும். மணலும் குச்சித் துண்டும் ஒட்டவச்சு, பீடி அளவு குழாய். உள்ள ஒரு புழு, தலையை மட்டும் நீட்டும். தொட்டா உள்ள போயிடும். இதுவும் நீங்க சொல்ற வகையா? கெண்டைக் குஞ்சு அந்தக் கல்லையே சுத்திச் சுத்திக் கொத்திக்கிட்டு இருக்கும்.

பூச்சி டீச்சர் | அக்டோபர் 21, மதியம் 12.40

அதுதான் காடிஸ்! எச்சில் மாதிரி ஒரு பட்டு நூலை விட்டு மணலை ஒட்டும். அதுல இன்னொரு கூட்டம் வீடு கட்டாது, ரெண்டு கல்லுக்கு நடுவுல வலை கட்டி, ஓடி வர்ற தண்ணியில அடிச்சுக்கிட்டு வர்றதைப் புடிச்சுச் சாப்பிடும். மேஃபிளைக்கு நடுவுல கூட்டுப்புழு நிலை கிடையாது, காடிஸுக்கு உண்டு. கிடைச்சா ஒரு படம் போடுங்களேன்.

நெறியாளர் | அக்டோபர் 21, மதியம் 2.00

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். ஜவ்வாது மலையிலயும் அமிர்தியிலயும் காப்புக்காட்டுக்குள்ள தூண்டில் போடக் கூடாது. கல்லைப் புரட்டிப் பார்த்தா இருந்த மாதிரியே திருப்பி வைங்க. ஏரியா இருந்தா மீன் குத்தகை எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. இழை தொடரட்டும்.

பாலாத்தங்கரை | அக்டோபர் 21, இரவு 8.20

எனக்கு ஒரு யோசனை. இந்த டிரவுட்டை நம்ம பக்கமே உட்டா இன்னா? ஏலகிரி மலை மேல குளுகுளுன்னுதானே கீது?

ஊட்டி குளிர் | அக்டோபர் 21, இரவு 10.10

ஐயா, நமக்குக் குளுகுளு, அதுக்குக் கொதிகொதி. டிரவுட்டுக்கு 10லேர்ந்து 16 டிகிரி தண்ணி சுகம். 20 தாண்டினா மூச்சு வாங்கும், 25 பக்கம் போனா முடிஞ்சுது கதை. தண்ணி சூடாக ஆக அதுல கரையிற ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில லிட்டருக்கு 11 மில்லிகிராம் சொச்சம் நிக்கும், 30 டிகிரியில ஏழரைதான். ஏலகிரி 1,100 மீட்டர் உயரம். எங்க அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேல.

நீலகிரியிலயே லேசுல வரல. 1860கள்ல பிரான்சிஸ் டேன்னு ஒரு மருத்துவர், மீன் ஆராய்ச்சியாளர், முயற்சி பண்ணித் தோத்தார். அதுக்கு 40 வருஷத்துக்கு அப்புறம் வில்சன்னு ஒருத்தர் வந்து வானவில் டிரவுட்டை நிலைநிறுத்தினார். அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகம் 1907-ல வந்தது. நடுவுல எவ்வளவு முட்டை கப்பல்லயே செத்திருக்கும்னு நெனச்சா தலை சுத்தும்.

ஆனா தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேற. டிரவுட் எதுக்கு? பூச்சி கிளம்புறதைப் பார்த்து மீன் மேயுறதுக்கு டிரவுட் தான் வேணும்னு இல்ல. வெளிச்சிக்கும் அதே கண்ணு, அதே பசி. நம்ம ஏரியில சாயங்காலம் ஊசி குத்தின மாதிரி வட்டம் வட்டமா போடுதே, அது என்ன சாப்பிடுதுன்னு என்னைக்காவது குனிஞ்சு பார்த்திருக்கியா?

காட்பாடி தூண்டி | அக்டோபர் 22, காலை 6.40

இல்லண்ணே. வெளிச்சின்னா ‘பொடி’ன்னு தூக்கிப் போட்டுடுவோம். புழுவைத் திருடுதுன்னு திட்டுவோம்.

ராடு திருப்பிக் குடுத்துட்டேன். அது இல்லாம எப்படி?

ஊட்டி குளிர் | அக்டோபர் 22, காலை 8.00

உன் மூங்கில் கழி எங்க போச்சு? ஜப்பான்ல டென்காரான்னு ஒரு முறை இருக்கு. ரீல் கிடையாது. நீளக் கழி, நுனியில கட்டின தூண்டில் நரம்பு, ஒரே ஒரு இறகுத் தூண்டில். மலை ஓடையில பொழப்புக்கு மீன் புடிச்சவங்க முறை அது. நம்ம கழிக்கும் அதுக்கும் சித்தப்பா பெரியப்பா உறவு. என்ன, நம்ம கழி கனம், அதான் மணிக்கட்டு வலிக்கும். நுனி மெல்லிசா, வளையுற மாதிரி பார்த்து எடு.

தக்கையையும் ஈயத்தையும் கழட்டு. ஃப்ளைக்குக் கனமே கிடையாது, அதை வீசவே முடியாது. நரம்பைத்தான் வீசறோம், ஃப்ளை அது பின்னாடி ஓசியில போகுது. அதனால கழி நுனிப் பக்கம் தடிச்ச நரம்பு, கீழ வர வர மெலிசு, கடைசி ரெண்டு முழம் 0.15 மில்லிமீட்டர். முடிச்சு போடறப்ப எச்சில் தொட்டு இழு, இல்லன்னா சூட்டுலயே அறுந்துடும்.

நிக்கிற இடமும் முக்கியம். மீனுக்கு மேல உலகம் முழுசும் தெரியாது, தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். ஆழத்தைப் போல ரெண்டேகால் மடங்கு அதோட அகலம். ஒரு அடி ஆழத்துல நிக்கிற மீனுக்கு ரெண்டேகால் அடி வட்டம். அதுக்கு வெளிய தண்ணிப் பரப்பு அதுக்குக் கண்ணாடிதான். அதனால உன் ஃப்ளை அந்த ஜன்னலுக்குள்ள மிதந்து வரணும், நீ அந்த ஜன்னல் ஓரத்துல எட்டிப் பார்க்கக் கூடாது. குனிஞ்சு நில்லு. வெள்ளைச் சட்டை வேணாம்.

குடியாத்தம் குசும்பன் | அக்டோபர் 22, காலை 8.30

இறகுதானே? எங்க மாமா காட்டுல காட்டுக்கோழி இறகு கிடக்கும். கழுத்துல மெழுகு வச்ச மாதிரி புள்ளி புள்ளியா மின்னும். அனுப்பட்டா?

ஊட்டி குளிர் | அக்டோபர் 22, காலை 9.15

அய்யோ, வேணாம் சாமி. அந்த இறகுக்காக இங்கிலாந்துக்காரங்க நம்ம காட்டைத் துடைச்சதே ஒரு கதை. சால்மன் மீனுக்குக் கட்டுற ஃப்ளையில அந்த மெழுகுப் புள்ளிதான் கண்ணு மாதிரி நிக்கும். இந்தியாவோட சாம்பல் காட்டுக்கோழி, வேற எந்த நாட்டுலயும் கிடையாது. இன்னிக்கு 1972 வனவிலங்குச் சட்டத்துக்குக் கீழ வருது. தொடாதே.

கறிக்கடையில நாட்டுச்சேவல் கழுத்து இறகு கேளு. பொட்டைக் கோழியோடது மெத்துன்னு இருக்கும், தண்ணி குடிச்சு மூழ்கும். சேவலோடது விறைப்பு, அதோட மயிர் ஒண்ணொண்ணும் தண்ணித் தோல் மேல காலூன்றி நிக்கும். மிதக்கணும்னா சேவல், மூழ்கணும்னா பொட்டை. இவ்வளவுதான் சாஸ்திரம்.

நூலுக்கு நீ குடியாத்தத்துல இருந்துக்கிட்டு எங்களைக் கேக்கக் கூடாது. லுங்கித் தறியில மிஞ்சின நூல் ஒரு கண்டு தம்பிக்கு அனுப்பு.

குடியாத்தம் குசும்பன் | அக்டோபர் 22, காலை 9.40

கருப்பு, பழுப்பு, ஒரு வெள்ளை. இன்னிக்கே கூரியர். புடிச்சா வறுவல்ல பாதி எனக்கு.

காட்பாடி தூண்டி | நவம்பர் 16, இரவு 11.30

மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும். முதல்ல தோல்வியைச் சொல்லிடறேன். கட்டின முதல் ஆறு ஃப்ளையில அஞ்சு தண்ணியில போட்டதும் அவிழ்ந்து போச்சு. கடையில வாங்கின பசை, காய்ஞ்சா செதில் செதிலா உதிருது. கடைசியில அக்காகிட்ட நகப்பாலிஷ் கடன் வாங்கி முடிச்சு மேல வச்சேன், அது நிக்குது.

காவேரிப்பாக்கம் ஏரி. இந்த மழைக்கு நல்ல தண்ணி, கோடி போகுது. குத்தகைக்காரர்கிட்ட கேட்டேன், ‘பொடி மீனுக்கா இவ்வளவு தூரம் வந்தே’ன்னு சிரிச்சுட்டு விட்டார். நேத்து சாயங்காலம் 4 மணிக்குப் போய், அண்ணன் சொன்ன சேவல் இறகு ஃப்ளை கட்டி, ஒரு மணி நேரம் வீசினேன். சுத்தி வட்டம் வட்டமா போடுது. என்னுது மட்டும் மேல அப்படியே மிதக்குது. தீர்த்தன் ஆத்துல நின்ன மாதிரியே நின்னேன்.

கோவத்துல கழியை வச்சிட்டு கரைக்கல்லு மேல குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். அப்பதான் பார்த்தேன். காத்து ஒதுக்கின மூலையில, கல்லு இடுக்குல, தண்ணி மேல ஏதோ உமி மாதிரி படிஞ்சிருந்தது. விரல் நுனியில ஒத்தி எடுத்தா உமி இல்ல, சட்டை. முழுப் பூச்சியோட வடிவம், வரி வரியா வயிறு, தலைப்பக்கம் குண்டா, முதுகுல ஒரு கிழிசல், உள்ள யாரும் இல்ல. நகத்து மேல வச்சா நகத்தோட ரேகை அதுக்குள்ள தெரியுது. ஊதினேன், போயிடுச்சு. அந்த மூலை பூரா அதே. தலைக்கு மேல டீச்சரக்கா சொன்ன தூண் சுத்திக்கிட்டு இருக்கு, ஒண்ணுகூடக் கடிக்கல.

மிதக்குறது எதையும் மீன் எடுக்கல, கிழிஞ்சு வெளிய வர்றதுக்கு முன்னாடி தொங்குறதைத்தான் எடுக்குதுன்னு தோணிச்சு. டப்பாவுல இருந்த 18 நம்பர் குட்டி முள்ளுல, குடியாத்தம் கருப்பு நூலை மட்டும் சுத்தி, தலையில வெள்ளை நூல் ரெண்டு இழை விட்டுக் கட்டினேன். இறகே இல்ல. கட்டி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அதை நனைச்சு, ஒரு விரக்கடை மூழ்கற மாதிரி விட்டு, ஒண்ணுமே பண்ணாம காத்து தள்ளட்டும்னு விட்டேன்.

நரம்பு ஒரு இழுப்பு. சின்ன இழுப்புதான். தூக்கினா விரல் நீளம் வெளிச்சி, வெள்ளித் தகடு மாதிரி துள்ளுது.

இருட்டுறதுக்குள்ள 11 வெளிச்சி, எல்லாத்தையும் தண்ணியிலயே விட்டுட்டேன். பன்னெண்டாவது தூக்கினப்ப கழி வளைஞ்சு நின்னுச்சு. ஜிலேபிக் கெண்டை. ஒரு தடவை முதுகைக் காட்டிட்டு நரம்பை அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இன்னும் கை நடுங்குது.

குடியாத்தம் குசும்பன் | நவம்பர் 16, இரவு 11.50

எல்லாத்தையும் விட்டுட்டியா? என் பாதி வறுவல்?

ஊட்டி குளிர் | நவம்பர் 17, காலை 6.00

தம்பி, உனக்கு யாரும் கத்துக்குடுக்காமலே கைரோனமிட் பியூப்பா, அதாவது அதோட கூட்டுப்புழு மாதிரி ஃப்ளை கட்டியிருக்கே. அந்த வெள்ளை இழை அதோட மூச்சுக் குழல் கொத்து. குளத்துல டிரவுட் புடிக்கறவன் வெளிநாட்டுல இதை வச்சுத்தான் வருஷம் பூரா ஓட்டறான். நான் சேவல் இறகுன்னு சொன்னது தப்பான யோசனை, ஒத்துக்கறேன். ஏரிக்கு ஆத்து யோசனை சொல்லிட்டேன்.

ஒரு பழைய கதை. நிம்ஃப் போட்டு டிரவுட் புடிக்கறது நியாயமா, மிதக்குற ஃப்ளை மட்டும்தான் மரியாதையான்னு 1938-ல லண்டன்ல ஒரு கிளப்புல பெரிய மனுஷங்க கூடி விவாதமே நடத்தியிருக்காங்க. வெளிச்சி உனக்கு அந்தத் தீர்ப்பை ஒரு மணி நேரத்துல சொல்லிடுச்சு.

நரம்பு அறுந்ததுக்குக் காரணம் பழசா, முடிச்சா? எதுக்கும் வாரம் ஒரு தடவை கடைசி முழத்தை மாத்து. வெயில்ல விட்டா நரம்பு மக்கிடும்.

பாலாத்தங்கரை | நவம்பர் 19, காலை 10.30

டீச்சரம்மா கவனிக்கணும். போன மாசத்துலேர்ந்து என் பேத்தி லென்ஸ் எடுத்துக்கினு பூச்சி பின்னாடி சுத்துது, எல்லாம் உங்களாலதான். பம்ப்செட் தொட்டியில தண்ணி நின்னு பாசி கட்டிக்கினு கீது. அதுல குட்டி மீனாட்டம் விர்ரு விர்ருன்னு ஓடுது ஒண்ணு, வால் மூணு. பாப்பா எண்ணிச்சி, நானும் எண்ணினேன். சரி, நீங்க சொன்ன மேஃபிளைதான்னு சந்தோசப்பட்டேன்.

இன்னிக்குக் காலையில தொட்டிச் சுவத்துல ஒரு வெள்ளைச் சட்டை ஒட்டிக்கினு இருந்திச்சி, இறக்கையோட. தொட்டா பொடிஞ்சிடுச்சி. பக்கத்துலயே உயிரோட ஒண்ணு, இறக்கை நேரா தூக்கிக்கினு. ஆனா அதுக்கு வால் ரெண்டுதான். இறக்கையும் ரெண்டுதான், நாலு இல்ல. பாப்பா கேக்குது, ஒரு வால் ஒடைஞ்சிடுச்சா தாத்தான்னு. இன்னா பதில் சொல்றது?

பூச்சி டீச்சர் | நவம்பர் 19, மதியம் 1.05

ஐயா, ஒடையல! பாப்பா எண்ணினது ரெண்டுமே சரி. அது மேஃபிளையிலயே கிளோயான்ங்கற வகை. தண்ணிக்குள்ள இருக்கறப்ப மூணு வால், பறக்கறப்ப ரெண்டு வால். பின்னிறக்கை அதுக்குக் கிடையவே கிடையாது, அதனால ரெண்டே இறக்கை. ஓடுற ஆறு வேணும்னு அடம் பிடிக்காது, தொட்டி, குட்டை, கிணறுன்னு எங்கயும் இருந்துக்கும். சுவத்துல இருந்த சட்டை, நான் சொன்னேனே அந்த ரெண்டாவது தோல் உரிப்பு. எத்தனை வருஷமா மாணவர்களுக்கு அதைப் படத்துல காட்டிக்கிட்டு இருக்கேன், பாப்பா நேர்ல பார்த்துட்டா. ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்க்கலாமா?

காட்பாடி தூண்டி | நவம்பர் 19, மதியம் 1.20

ஐயா, நானும் வரட்டுமா? தூண்டில் கொண்டுவர மாட்டேன்.

பாலாத்தங்கரை | நவம்பர் 19, மதியம் 2.15

வாங்க, ரெண்டு பேரும் வாங்க. பாசி புடிச்சிடுச்சின்னு நாளைக்கு ஆளு உட்டுத் தொட்டியைக் கழுவறதா இருந்தேன். வேணாம்னு சொல்லிட்டேன். பாப்பா தொட்டியாண்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கினு கீது.